தீர்ப்பு, தீர்மானம், தேர்வு: 1954-ல் காரைக்கால் செய்தது எது?

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 1 நெருங்கினால் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான செய்தி சுற்றி வரும். கீழூரில் மக்கள் தீர்ப்பளித்தார்கள், பிரெஞ்சுக்காரன் கிளம்பினான், நாம் இந்தியாவோடு இணைந்தோம் என்கிற ரகம். மேடைப் பேச்சிலும் இதே வாக்கியம்தான். இதில் இரண்டு சொற்கள் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கின்றன. ஒன்று 'மக்கள்'. இன்னொன்று 'தீர்ப்பு'. முதலாவது வரலாற்றுப் பிரச்சினை, இரண்டாவது மொழிப் பிரச்சினை என்று முதலில் நினைத்தேன். தோண்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் எதிர்காலத்தை அந்தந்தப் பகுதி மக்களிடமே கேட்டுவிடுவது என்பது அதன் சாரம். 1949 ஜூன் 19 அன்று வங்காளத்துச் சந்திரநாகூரில் அப்படிக் கேட்டார்கள். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். மிகப் பெரும்பான்மை இந்தியா பக்கம். ஆனால் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கிலும் அந்த வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவே இல்லை. 1951-ல் வந்து பார்த்த வெளிநாட்டுப் பார்வையாளர்கள், இங்கே சுதந்திரமாக ஓட்டுப் போடும் சூழல் இல்லை என்கிற மாதிரிதான் அறிக்கை கொடுத்தார்கள்.

1954 மார்ச்சில் புதுச்சேரிப் பகுதி நகரசபைகள், வாக்கெடுப்பே வேண்டாம், உடனே இணைத்துவிடுங்கள் என்று தீர்மானம் போட்டன. சில நாளில் காரைக்கால் பகுதி நகரசபைகளும் அதையே செய்தன. அக்டோபர் 18 அன்று கீழூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது. அதாவது ஓட்டுப் போட்டது 178 பேர். காரைக்கால் வீதியில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். இணையத்தில் எந்த ஒத்தசொல் பட்டியலைத் திறந்தாலும் முடிவு, தீர்மானம், தீர்ப்பு, தேர்வு, துணிவு எல்லாம் ஒரே வரிசையில், நடுவில் ஒரு காற்புள்ளியோடு நிற்கும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடலாம் என்ற நினைப்பு. நிரல் எழுதிப் பிழைப்பவனுக்கு இதைப் பார்த்தால் கை நடுங்கும். பெயர் வேறு என்றால் பெரும்பாலும் வேலையும் வேறு.

தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். வேர் 'தீர்'. அரிசி தீர்ந்துபோச்சு, கடன் தீர்ந்தது, நோய் தீர்ந்தது. இருந்த ஒன்று இல்லாமல் போவதுதான் தீர்வது. தீர்ப்பு என்றால் தீரும்படி செய்வது. அதற்கு முதலில் ஒரு வழக்கு இருக்க வேண்டும், இரண்டு தரப்பு இருக்க வேண்டும். முக்கியமாக, சொல்கிறவர் இரண்டு தரப்பிலும் இல்லாதவராக இருக்க வேண்டும். கிறிஸ்தவர்கள் கடைசி நாளை நியாயத்தீர்ப்பு நாள் என்கிறார்கள். அங்கே சொல்கிறவர் எல்லோருக்கும் மேலே இருக்கிறார். தன் வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வது தமிழில் கேலிக்குரிய விஷயம்.

தீர்மானமும் அதே 'தீர்' தான், வருமானம், கட்டுமானம் மாதிரி ஒரு வால் சேர்ந்திருக்கிறது. ஆனால் வேலை வேறு. இது ஒரு அவையின் சொல். முன்மொழிவார்கள், வழிமொழிவார்கள், எண்ணுவார்கள், நிறைவேற்றுவார்கள். தோற்கவும் தோற்கலாம். தோற்ற தீர்மானம் உண்டு, தோற்ற தீர்ப்பு என்று ஒன்று கிடையாது. தீர்மானத்துக்கு இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை என்ற கணக்கு எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

தேர்வு என்பது இன்னொரு ஜாதி. 'தேர்' என்றால் ஆராய்வது, ஆராய்ந்து எடுப்பது. பரீட்சைக்கும் தேர்வு, பொறுக்கி எடுப்பதற்கும் தேர்வு என்று ஒரே சொல் இருப்பது தற்செயல் இல்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன்மேல் வைக்கிற குற்றம் இந்த வேரில்தான் இருக்கிறது. அவன் தேரவில்லை, விசாரிக்காமல் கொன்றான் என்பது. தீர்ப்பு இருந்தது, தேர்தல் இல்லை. நாம் ஓட்டுப் போடுவதற்குத் தேர்தல் என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

துணிவு தனி ரகம். துணித்தல் என்றால் வெட்டுதல். வெட்டிய துண்டுக்குத் துணி என்று பேர், தயங்காமல் முடிவெடுப்பதற்குத் துணிதல் என்று பேர். "வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு"ன்னு பேசுற ஆளை நமக்குத் தெரியும். பிரெஞ்சிலும் வெட்டுவதைக் குறிக்கும் 'திரான்ஷே' என்ற வினைக்கு முடிவு கட்டுவது என்ற பொருளும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் ஆண்டவனுக்கும் ஆளப்பட்டவனுக்கும் ஒரே கத்தி.

இந்த அளவுகோல்களோடு மறுபடி கீழூருக்குப் போனால், அங்கே நடந்தது தீர்மானம். தீர்ப்பு இல்லை. 170-க்கு 8 என்ற எண்ணே அதற்குச் சாட்சி. நான் இணைப்பைக் கேள்வி கேட்கவில்லை. வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் விடை மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். என் புகார் சொல்லின்மேல். தீர்மானம் என்று சொன்னால் யார் போட்டது, எத்தனை பேர், எதிர்த்த எட்டுப் பேர் என்ன சொன்னார்கள் என்ற கேள்விகள் தானாக வரும். தீர்ப்பு என்று சொன்னால் அந்தக் கேள்விகள் எல்லாம் தீர்ந்துவிடும். அந்தச் சொல்லின் வேலையே அதுதான்.

இதைச் சட்டம் தெரிந்தவர்கள் அப்போதே கவனித்திருக்கிறார்கள். பிரான்சின் 1946 அரசியலமைப்புப்படி, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது. கவனியுங்கள், அங்கே கேட்பது மக்களின் தீர்ப்பை அல்ல, சம்மதத்தை. கீழூரில் கிடைத்த தீர்மானத்தை அந்தச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16.

சாதாரணக் காரைக்கால்காரரை முதன்முதலாக நேரடியாகக் கேட்டது அதற்குப் பிறகுதான். ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர் தானாக இந்தியக் குடிமகன் ஆகிவிடுவார். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாப் பகுதிகளிலும் சேர்த்துச் சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். இதற்குத்தான் தேர்வு என்ற சொல் பொருந்தும். பென்ஷன், பிள்ளைகளின் படிப்பு, சொந்தபந்தம், நிலம் என்று எடை போட்டுப் பார்த்து ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுத்தது. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியன் என்று பிரிந்த குடும்பங்கள் இங்கே அதிசயம் இல்லை. "அப்ப அப்பா மட்டும் எழுதிக் குடுத்திருந்தா..." என்று இழுக்கிற பெரியவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த இழுவையில்தான் கடைசிச் சொல் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கு அப்பா எழுதிக் கொடுப்பதே செல்லும் என்றது ஒப்பந்தம். அப்பா இல்லையென்றால் அம்மா. ஆக, அப்பாவுக்கு அது தேர்வு. பிள்ளைக்கு? அவனை யாரும் கேட்கவில்லை, அவன் எதையும் தேரவில்லை. ஆனால் அவன் பேரன்வரை அது தொடர்கிறது. சட்டப் பிரிவுக்கும் தலையெழுத்துக்கும் தமிழில் ஒரே சொல்தான்: விதி.

மொழி மாறத்தானே செய்யும், 'மக்கள் தீர்ப்பு' என்பது ஓர் உருவகம்தானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். சரிதான். தேர்தல் முடிவு வரும் நாளில் செய்தித்தாள் அப்படித் தலைப்புப் போட்டால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஐந்து வருஷம் ஆண்டவர்கள் கூண்டில் நிற்கிறார்கள், மக்கள் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு படம் அதில் இருக்கிறது. ஆனால் 1954-ல் காரைக்கால் நீதிபதி இடத்தில் உட்காரவில்லை. வழக்கே காரைக்காலைப் பற்றியதுதான்.

அடுத்த நவம்பரில் அந்தச் செய்தி வரும்போது குழுவில் ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் போடலாம் என்றிருக்கிறேன். கீழூரில் பிரதிநிதிகள் தீர்மானித்தார்கள், எட்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வீடு தேர்ந்தார்கள் என்று. கொஞ்சம் நீளம்தான். ஆனால் அதில் நம் தாத்தா பாட்டிக்கும் இடம் இருக்கிறது.