பூவும் உரிப்பொருளும்: சையது தாஜுதீனின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடப்போர்க்குப் பூக்கடைகள் புதியன அல்ல. அங்கே பூ தனித்து இருப்பதில்லை. அது சரமாகத் தொடுக்கப்படுகிறது, முழம்போட்டு அளக்கப்படுகிறது, கூந்தலுக்கோ கோயிலுக்கோ மணவறைக்கோ செல்கிறது. அதன் அருகே, கந்தசுவாமி கோயிலை ஒட்டிய ஸ்காட் சாலையில் வெய்லிங் ஓவியக்கூடம் இருக்கிறது. பூக்கடைக்கும் ஓவியக்கூடத்திற்கும் இடைத்தொலைவு சிறிதே. ஆயினும், கடையில் காணும் பூ ஓவியத்தில் இடம்பெறும்போது தன் உறவுகளோடு வருகிறதா, அவற்றை இழந்து வருகிறதா என்னும் வினா எளியதன்று. ஓவியன் ஒருவன் தனக்குரிய திசையைக் கண்டடைவதும் இவ்வினாவிற்கு அவன் தரும் விடையைச் சார்ந்ததே என்பது நம் கருத்து. மலேசிய ஓவியர் சையது தாஜுதீனின் படைப்புகளை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

எண்ணெய் வண்ணமும் பூவும்

எண்ணெய் வண்ணம் மெல்ல உலர்வது. அதில் கலந்துள்ள ஆளிவிதை எண்ணெய் நீர்போல ஆவியாவதில்லை. காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாட்கள் ஆகும். மல்லிகையோ ஒரு நாளில் வாடிவிடும். எனவே, எண்ணெய் வண்ணத்தில் பூவைத் தீட்டுபவர் கண்முன் உள்ள பூவை மட்டும் நம்பித் தீட்ட இயலாது. நினைவிலும் முன்வரைவிலும் இருந்து அதனை மீண்டும் ஆக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் வெவ்வேறு பருவங்களில் மலரும் பூக்களை ஒரே சாடியில் தீட்டியது இவ்வாறுதான். எந்தப் பூவை எதனோடு சேர்ப்பது என்னும் தேர்விலேயே ஓவியரின் நோக்கு வெளிப்பட்டுவிடுகிறது.

அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1924 அளவில் பூவைப் பேருருவாகத் தீட்டத் தொடங்கினார். ஒரே பூ ஓவியப்பரப்பு முழுவதையும் நிறைத்தது. சாடியும் மேசையும் மறைந்தன. அவர் தேர்ந்த வழி பூவைப் பிறவற்றினின்று பிரித்து அணுகுவதாகும். தமிழ் மரபின் வழி இதற்கு நேர்மாறானது.

திணைக் கோட்பாடு தரும் அளவுகோல்

குறிஞ்சியும் முல்லையும் பூக்களின் பெயர்கள். அவையே நிலத்தின் பெயராகவும் ஒழுக்கத்தின் பெயராகவும் அமைந்தன. வெட்சி, வஞ்சி முதலிய புறத்திணைகளோ வீரர் சூடிய பூவால் பெயர் பெற்றன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்கிக் கூறினும், அது தாவரப் பட்டியலாக நின்றுவிடவில்லை. தினைப்புனம் காத்த மகளிர் அப்பூக்களைக் கொய்து குவித்துச் சூடினர் என்று தோழி செவிலிக்கு எடுத்துரைக்கும் உரைக்குள், ஒரு காதலுக்குச் சான்றாக அவை இடம்பெறுகின்றன. பூ கருப்பொருள், அதன் வழியே நாம் சென்று சேரும் உணர்வு உரிப்பொருள். உரிப்பொருளோடு உறவற்ற பூ அகப்பாடலில் வெறும் அணியாகிவிடும். இவ்வளவுகோலை ஓவியத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம்.

சென்னையிலிருந்து கோலாலம்பூர் வரை

சையது தாஜுதீன் 1943இல் இராமநாதபுரம் வட்டாரத்து அழகன்குளத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பினாங்கிற்கு வந்தவர். 1968 முதல் 1974 வரை சென்னை அரசு கலை, கைவினைக் கல்லூரியில் பயின்றார். அதற்கு முன்பு, 1957 முதல் 1967 வரை, அக்கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவர். மேலை நாட்டிலிருந்து வந்த எண்ணெய் வண்ணத்தைக் கொண்டு நமக்குரிய கோட்டையும் உருவத்தையும் படைப்பது எங்ஙனம் என்னும் வினா அங்கே சூடாக விவாதிக்கப்பட்ட காலம் அது. தாஜுதீன் அதற்கான விடையை அஜந்தா சுவரோவிய மரபில் தேடினார். நீண்ட உடலும், நீள்விழியும், செம்மை படர்ந்த வண்ணங்களும் அவருடைய முத்திரைகளாயின.

மாணவராக இருந்தபோது, 1972இல், அவர் தீட்டிய ‘சீதையைக் காணும் அனுமன்’ மலேசியத் தேசிய ஓவியக்கூடத்தின் தொகுப்பில் உள்ளது. இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த ஓவியர் இராமாயணத்தைத் தம் மரபின் செல்வமாகக் கருதி எடுத்தாண்டது போற்றத்தக்கது. நம் ஆய்வுக்கு அதனினும் முக்கியமானது அக்காட்சி நிகழும் களம். அசோகம் என்பதற்குத் துயரற்றது என்பது பொருள். துயரற்ற மரங்களின் பூஞ்சோலையில் துயரே உருவாக ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். கருப்பொருளும் உரிப்பொருளும் முரணி நின்று ஒன்றையொன்று ஆழப்படுத்தும் இடம் இது.

பிற்காலத்தில் அவர் மலாய் மரபுக் கதைகளுக்குத் திரும்பினார். ஹாங் துவா, துன் தேஜா, லேடாங் மலை இளவரசி ஆகியோர் அவர் ஓவியங்களில் இடம்பெற்றனர். காதலும் பெண்ணும் பூவும் அவருடைய நிலையான பாடுபொருள்களாயின. இவ்வோவியங்களில் பூ சாடியில் இல்லை. பெண்ணோடும் காதலோடும் உறவு கொண்டு நிற்கிறது. ஓ'கீஃப் மனிதரிடமிருந்து பிரித்த பூவை இவர் மனிதரிடமே சேர்த்தார் எனலாம். அழகன்குளத்து நினைவும் அஜந்தாக் கோடும் மலாய்க் கதையும் ஒரே பரப்பில் கூடியது இவருடைய திசை. அது இம்மண்ணுக்குரிய திசையுமாகும்.

குறையும் நிறையும்

எனினும் ஒன்றைச் சுட்டாதிருத்தல் திறனாய்வாகாது. பிற்கால ஓவியங்கள் பெரும்பாலும் குறிஞ்சியின் கூடலிலேயே திளைக்கின்றன. பாலையின் பிரிவும் நெய்தலின் இரங்கலும் அருகியே காணப்படுகின்றன. பூ வாடுவதில்லை; அதைத் தொடுத்த கை தெரிவதில்லை. 1972இல் பூவனத்தின் நடுவே துயரை வைத்த ஓவியர் பின்னர் அத்துயரை மெல்ல விலக்கிவிட்டாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. கண்டடைந்த திசையே பழகிய பாதையாகிவிடும் இடர் எல்லாக் கலைஞர்க்கும் உண்டு. ஆயினும், சென்னையில் கற்ற கோட்டை மலாய்க் கதைக்குள் செலுத்தி, இரண்டும் அந்நியப்படாதவாறு இணைத்த அவருடைய அருமையை இக்குறை மறைத்துவிடாது.

முடிவுரை

இவ்வாய்வு தமிழாசிரியர்க்கும் ஒரு செய்தியை உணர்த்துகிறது. காட்சிக்கலைப் பாடத்தில் நம் மாணவர்கள் தம் இல்லத்தில் காணாத பூச்சாடியை வரைந்து வண்ணம் தீட்டுகின்றனர். அடுத்த பாடவேளையில் ஐந்திணைகளின் பூப்பெயர்களை மனனம் செய்கின்றனர். இவ்விரு பாடங்களும் சந்திப்பதே இல்லை. ‘இது என்ன பூ?’ என்பதோடு ‘இது யாருடைய பூ? யார் தொடுத்தது? யாருக்காகக் காத்திருக்கிறது?’ என்றும் வினவினால் அவை சந்திக்கும். பூக்கடையிலிருந்து ஓவியக்கூடத்திற்குச் செல்லும் வழியும் அந்த வினாக்களின் ஊடாகவே செல்கிறது.