ஸ்கூட்டரின் கவட்டை

ஃப்ரீஸ்டைல் ஸ்கூட்டரைப் பார்த்தால் என் கண் முதலில் போவது ஃபோர்க்கின் மீது. முன் சக்கரத்தை இரு காலால் கவ்வியபடி தலைக்குழாய்க்குள் ஏறும் அந்தக் கவட்டை, குதித்து இறங்கும் அடியை முன்னால் நின்று வாங்குகிறது. பழைய மடிப்பு ஸ்கூட்டர்களில் அதன் தண்டில் மரை இருக்கும். நாலு குதியில் நட்டு தளர்ந்து லொடலொடக்கும். மரையில்லாத தண்டு வந்த பிறகுதான் இந்த விளையாட்டுக்கு உயிர் வந்தது என்பேன்.

மரை போனதும், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க 'கம்ப்ரெஷன்' முறைகள் வந்தன. எவ்வளவு அழகான யோசனைகள்! ஐசிஎஸ் என்ற முறையில் ஃபோர்க்கின் அடியிலிருந்து ஒரு நீண்ட போல்ட் ஏறி, கைப்பிடிக் குழாய்க்குள் இருக்கும் நட்டைப் பற்றும். எடை குறைவு, ஆனால் இறுக்க வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். எஸ்சிஎஸ்ஸில் தண்டும் கைப்பிடியும் ஒரே தடித்த கிளாம்புக்குள் சந்திக்கும். கனம்தான், ஆனால் அசையாது. எனக்குப் பிடித்தது அதுவே. எச்ஐசியில் தண்டின்மேல் மெல்லிய உறை, அதன்மேல் பருத்த கைப்பிடி. ஐஎச்சியிலோ தண்டையே மெலிதாக்கி, உறை போட்ட பிறகும் சாதாரணக் கைப்பிடி பொருந்தும்படி செய்தார்கள்.

சக்கரமும் கவனம்: 110 மி.மீ. விட்டச் சக்கரத்துக்கான ஃபோர்க்கில் 100 ஓடும், 120 நுழையாது. 30 மி.மீ. அகலச் சக்கரம், 24-க்கான கவட்டையில் அடங்காது.

எந்தக் கம்ப்ரெஷன் முறை பொருந்தும் என்று அறிய, கடைக்குப் போகுமுன் உங்கள் கைப்பிடிக் குழாயின் உள்விட்டத்தை அளந்து, அதன் அடியில் பிளவு இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.