புள்ளியை நகர்த்தினால் போதுமா?

நீள அலகுகளை மாற்றப் பள்ளியில் கற்றுத்தரும் வழி எளியது. கிலோமீட்டரிலிருந்து மில்லிமீட்டர் வரை படிகள் ஏழு. ஒரு படி இறங்கினால் தசமப் புள்ளி ஓரிடம் வலப்பக்கம் நகரும், ஏறினால் இடப்பக்கம். மைலை அங்குலமாக்க 63,360-ஆல் பெருக்க வேண்டியிருப்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். 1790-களில் பிரான்ஸ் பத்தின் அடிப்படையில் மீட்டர் முறையை வகுத்ததன் பயன் இதுதான். அன்றாட நீளங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

சிக்கல் மில்லிமீட்டருக்குக் கீழே தொடங்குகிறது. மைக்ரோமீட்டர் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நானோமீட்டர் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிலோவுக்கு மேலே மெகா, கிகா, டெரா என்று ஏறும்போதும் இப்படித்தான். பத்துப் பத்தாக வந்த படிகள் இருபுறமும் ஆயிரம் ஆயிரமாக மாறிவிடுகின்றன. படிக்கு ஒரு சுழியம் என்று மனப்பாடம் செய்த மாணவர், ஒரு கிலோமீட்டருக்கு எட்டுப் படி எண்ணி 10⁸ நானோமீட்டர் என்பார். சரியான விடை 10¹². பத்தாயிரம் மடங்கு பிழை! இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கற்பித்த முறையே அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

மிகச் சிறிய நீளங்களில் புள்ளியை நகர்த்துவதே கடினமாகிவிடும். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் ஈர்ப்பலையை முதன்முதலாகப் பதிவு செய்தது. அதன் அளவுக்கருவியின் கை ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர் நீளம். அலை கடந்தபோது கைகளின் நீளத்தில் நேர்ந்த வேறுபாடு ஏறத்தாழ 10⁻²¹ பங்கு. இதை மீட்டரில் புள்ளி வைத்து எழுதினால் புள்ளிக்குப் பின் 17 சுழியங்கள் வரும். ஒன்று விட்டுப்போனாலும் கண்ணில் படாது. பத்தின் அடுக்குகளாக எழுதினால் 4 × 10³ × 10⁻²¹ = 4 × 10⁻¹⁸ மீட்டர், அதாவது நான்கு அட்டோமீட்டர். அடுக்குகளைக் கூட்டியதோடு வேலை முடிந்தது.

அடுக்குமுறையும் குறையற்றதல்ல. 10⁻¹⁵, 10⁻¹⁸ இரண்டும் தாளில் ஒரே இடத்தைத்தான் அடைக்கின்றன. முன்னது புரோட்டானின் அளவை ஒட்டியது, பின்னது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதைக் குறியீடு உணர்த்தாது. டி.என்.ஏ. இழையின் அகலம் சுமார் 2 நானோமீட்டர் என்பதுபோல ஓர் உண்மையான பொருளின் அளவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை பொருந்துகிறதா என்று தெரியும்.

2022-இல் மேலும் நான்கு சேர்ந்து, கிலோ, மில்லி போன்ற அலகு முன்னொட்டுகள் 24 ஆகிவிட்டன. இத்தனைக்கும் படி எண்ண முடியாது. ஆசிரியர்களே, படிமுறையை மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். அதற்கப்பால், எந்த அலகையும் முதலில் மீட்டராக்கி அடுக்குகளைக் கூட்டிக் கழிக்கப் பழக்குங்கள்.