புன்னை அக்காவா, தங்கையா? – நற்றிணை 172-ஐ மாணவிகளோடு வாசித்தல்



‘இயற்கையைக் காப்பதில் பெண்களின் பங்கு’ என்று ஒரு தலைப்பு கொடுத்தால், நம் மாணவர்களில் பலருக்கு நற்றிணையின் புன்னை மரம் உடனே ஞாபகத்துக்கு வந்துவிடும். “சங்க காலப் பெண் புன்னையை நட்டு, பாலூற்றி, உடன்பிறந்தவளாக வளர்த்தாள், பழந்தமிழர் இயற்கையை நேசித்தனர்” என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். ஆசிரியரும் சரி போட்டுவிடுவார். ஆனால், அந்த இரண்டு வரியில் பாட்டின் பாதி காணாமல் போய்விடுகிறது. எந்தப் பாதி தெரியுமா? அந்தப் பெண்கள் கவனித்த, வளர்த்த, பேசிய பாதி. அதைத் தேடி எடுப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். நற்றிணை எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று. 400 பாடல்கள் கொண்டது. பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரின் உரையோடு 1915-இல் அச்சாகி வந்தது. 172-ஆம் பாடலை இயற்றியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. திணை நெய்தல். பகலில் சந்திக்க வந்த தலைவனிடம் தோழி பேசுகிறாள். தலைவியைச் சீக்கிரம் மணந்துகொள் என்பது உள்ளே இருக்கும் செய்தி. சந்திக்கும் இடத்தை மாற்றச் சொல்கிறாள் என்றும் துறைக்குறிப்பு சொல்கிறது.

செய்தி இதுதான். தோழியரோடு விளையாடும்போது வெண்மணலில் அழுத்திய ஒரு புன்னை விதை, மறந்துபோய் விட்டுவிட்டார்கள். அது முளைத்துவிட்டது. நெய் கலந்த இனிய பால் ஊற்றி வளர்த்தார்கள். ‘இந்த மரம் உங்களைவிடச் சிறந்தது, உங்கள் சகோதரி’ என்று அன்னை சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்ட மரத்தடியில் உன்னோடு சிரித்து விளையாட எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. நீ மனம் வைத்தால் நிழல் தரும் வேறு மரங்களும் உண்டே என்கிறாள் தோழி.

நட்டார்களா, கவனித்தார்களா?

இப்போது நம் மாணவர் எழுதிய ‘நட்டு வளர்த்தாள்’ என்ற வரிக்கு வருவோம். பாட்டில் யாரும் மரம் நடவில்லைங்க! விதை விளையாட்டுப் பொருளாகத்தான் மணலுக்குள் போனது. அதை மறந்தும் போனார்கள். இந்த ‘மறந்து’ என்பதைத்தான் நாம் சௌகரியமாக விட்டுவிடுகிறோம். மறந்துபோன ஒன்று முளைத்து நிற்கும்போது அதைக் கண்ணில் கண்டு, ‘இது நம்ம விதை’ என்று அடையாளம் கண்டு, அன்று முதல் பொறுப்பெடுத்துக்கொண்டார்களே, அங்கேதான் பாட்டின் அழகு இருக்கிறது. பாராட்டு நட்ட கைக்கு இல்லை, கவனித்த கண்ணுக்கு.

புன்னைக்கு நெய்யும் பாலும் தேவையா என்று ஒரு மாணவி கேட்டால் திட்டாதீர்கள். நல்ல கேள்வி அது. கடலோர மணலிலும் உப்புக்காற்றிலும் தானாகவே வளரக்கூடிய மரம் புன்னை. பாலும் நெய்யும் மரத்தின் உணவு அல்ல. வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிற ஊட்டம். உறவு என்பது அன்னை வாயிலிருந்து வருவதற்கு முன்னாலேயே இந்தப் பாலில் தொடங்கிவிடுகிறது. உறவைச் சொல்லுக்கு முன் செயலில் வைத்திருப்பது அந்தப் பெயர் தெரியாத புலவரின் திறமை.

யார் வளர்த்த மரம்?

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. விதையை அழுத்தியது யார்? தலைவியும் தோழியுமா, அன்னையா? பாட்டின் வாக்கிய அமைப்பு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. தோழி தங்கள் சிறுவயதைச் சொல்கிறாள் என்று கொண்டால், மரம் இவர்கள் கண்முன் பிறந்தது, அப்படியானால் தங்கை. ‘நான் சிறுமியாக இருந்தபோது என் தோழிகளோடு விளையாடி வளர்த்த மரம் இது’ என்று அன்னையே சொன்னதாகக் கொண்டால், மகளுக்கு முன் பிறந்தது, அப்படியானால் அக்கா. விளக்கம் எழுதியவர்களில் அக்கா என்பாரும் உண்டு, தங்கை என்பாரும் உண்டு.

எனக்கு இரண்டாவது வாசிப்புதான் பிடித்திருக்கிறது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘உங்களைவிடச் சிறந்தது’ என்று மகளைப் பார்த்து ஒரு தாய் சொல்ல வேண்டுமென்றால், அந்த மரத்தில் அவளுக்கு ஒரு தாயின் பங்கு இருக்க வேண்டும். இரண்டையும் வளர்த்தவள்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். அதோடு, ஒரு சிறுமியின் கவனிப்பு அவள் தாயாகி, மகளிடம் பேச்சாகப் போய்ச் சேர்கிறது என்ற நீண்ட கோடும் கிடைக்கிறது. நீங்கள் முதல் வாசிப்பை ஏற்றாலும் பரவாயில்லை. காரணம் காட்டி வாதிட்டால் அதுவும் திறனாய்வுதான். எந்த வாசிப்பிலும் மரத்தை வளர்த்தது சிறுமிகள் என்பது மாறாது.

‘அதெல்லாம் சாக்குதானே!’

வகுப்பில் ஒரு கெட்டிக்கார மாணவன் கட்டாயம் சொல்வான்: “சார், தோழிக்கு மரத்து மேல அக்கறை இல்ல. கல்யாணத்துக்கு அவசரப்படுத்தறா. மரம் வெறும் சாக்கு.” அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. இது அகப்பாடல்; சுற்றுச்சூழல் முழக்கம் அல்ல. இதைச் சுவரொட்டி வாசகமாக மாற்றுவது புலவருக்கு நாம் செய்யும் அநியாயம்.

ஆனால், ஒரு சாக்கு எப்போது செல்லுபடியாகும் என்று அவனிடம் திருப்பிக் கேளுங்கள். கேட்பவன் அதை மதித்தால்தானே? மரம் சகோதரி ஆகலாம் என்பதைத் தலைவனும் ஏற்கிற உலகத்தில்தான் தோழியின் பேச்சு எடுபடும். அந்தப் பேச்சின் உருவத்தையும் பாருங்கள். ‘இந்த இடம் கூடாது, வேறு இடம் உண்டு’ என்று ஒரு பெண் ஓர் ஆணிடம் வரையறை சொல்கிறாள். மரத்தைப் பற்றிய அறிவு அவளுக்குப் பேசும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. தலைமைத்துவம் என்று இன்று நாம் சொல்வதன் ஒரு சிறு விதை இங்கே இருக்கிறது. விதைதான், மரம் இல்லை. அந்த எல்லையைத் தாண்டிப் புகழ வேண்டாம்.

மரமானால் எப்படி இருக்கும்? கென்யாவின் வங்காரி மாத்தாய் 2006-இல் வெளியிட்ட ‘அன்பவுட்’ என்ற தன்வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். வீட்டருகே ஓர் அத்திமரம். அதிலிருந்து விறகு பொறுக்காதே, அது கடவுளின் மரம் என்று தாய் சொல்கிறாள். அந்த மரத்தருகே ஓர் ஓடை; அதில் தவளை முட்டைகளோடு அந்தச் சிறுமி விளையாடுகிறாள். இங்கேயும் ஒரு தாய், ஒரு மரம், விளையாட்டு, ஒரு சொல்! ஆனால் இதற்குப் பிறகு நடந்தது வேறு. ‘வங்காரி ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?’ என்று அவர் அண்ணன் தாயிடம் கேட்கிறான், தாய் அனுப்புகிறாள். உயிரியல் படித்து, 1971-இல் முனைவர் பட்டமும் பெறுகிறார். அத்திமரத்தின் ஆழமான வேர்தான் நிலத்தடி நீருக்கு வழி திறந்து ஓடையை வாழவைத்தது என்று படிப்பின் மூலம் புரிந்துகொள்கிறார். ஆனால் அதற்குள் மரம் வெட்டப்பட்டுவிட்டது, ஓடையும் வற்றிவிட்டது.

1977 ஜூன் 5-ஆம் நாள் 7 கன்றுகளோடு அவர் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள்; ஆனால் நட்டதற்கு அல்ல, கன்று உயிர் பிழைத்தால் மட்டுமே. நம் புன்னைப் பாட்டு சொல்வதும் இதைத்தானே? 1989-இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப அரசு முனைந்தபோது ‘இந்த இடம் கூடாது’ என்று பகிரங்கமாக எதிர்த்தவரும் இவரே. தோழி தனிமையில் தலைவனிடம் சொன்னதை, இவர் ஊரறிய ஆட்சியாளரிடம் சொன்னார். 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். பாட்டுக்கும் தன்வரலாற்றுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று: பள்ளிக்கூடம். ஆகவே ஆசிரியர்களே, கேள்வி நம்மிடம்தான் வருகிறது.

நம் வகுப்பறையில்

பள்ளியில் மரம் நடும் நாள் என்றால் மாணவிகள் கையில் பெரும்பாலும் என்ன இருக்கும்? வரவேற்பு மாலை, பதாகை, வண்ணத் தூரிகை. எந்த மரம், எந்த இடம், அடுத்த விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற முடிவுகள் அவர்களிடம் இருக்கின்றனவா? இல்லையென்றால், ‘நட்டாள்’ என்று எழுதும் பழைய பிழையைத்தான் நாம் நடைமுறையிலும் செய்கிறோம்.

செய்யக்கூடியது இதுதான். பள்ளி வளாகத்திலோ அருகிலோ ஒரு மரத்தை மாணவிகளே தேர்ந்தெடுக்கட்டும். பூக்கும் மாதம், வரும் பறவை, இலையில் இருக்கும் புழு என்று ஆறு மாதம் பதிவு செய்யட்டும். அதை வெட்டவோ பக்கத்தில் கான்கிரீட் போடவோ யாராவது வந்தால், பதிவேட்டைக் காட்டித் தலைமையாசிரியரிடமும் நகராண்மைக் கழகத்திடமும் பேசுகிற பொறுப்பையும் அவர்களுக்கே கொடுங்கள். அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதும் பயிற்சியும் கூடவே நடந்துவிடும்!

புன்னையைத் தேடித் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மலாய் மொழியில் ‘பெனாகா லாவுட்’ என்பது அதே புன்னைதான். ஜார்ஜ்டவுன் எழுந்த முனைக்குப் பழைய பெயர் தஞ்சோங் பெனாகா. புன்னை முனை என்றே சொல்லலாம். கடலோரப் பள்ளிகளில் படிப்பவர்கள் பாட்டை மரத்தடியிலேயே வாசிக்கலாமே.

தேர்வு எழுதுவோருக்கு

ஒன்று: ‘நட்டாள்’ என்று எழுதாதீர்கள், விளையாட்டில் புதைந்து மறந்த விதை முளைத்ததைக் கண்டு வளர்த்தார்கள் என்று எழுதுங்கள். இரண்டு: பேசுபவள் தோழி என்பதை மறக்காதீர்கள், தலைவி பேசுவதாக எழுதினால் மதிப்பெண் போய்விடும். மூன்று: அக்காவா தங்கையா என்பதற்கு ஒரு நிலைப்பாடு எடுத்து, பாட்டிலிருந்தே காரணம் காட்டுங்கள். நான்கு: ‘தமிழர் இயற்கையை நேசித்தனர்’ என்ற பொதுவரியோடு நிறுத்தாமல், அந்த நேசத்தால் ஒரு பெண்ணுக்கு என்ன பேச முடிந்தது என்று ஒரு வாக்கியம் சேர்த்துப் பாருங்கள். விடையின் தரமே மாறிவிடும்.

வகுப்பில் இதைச் செய்து பார்த்தவர்கள், உங்கள் மாணவிகள் புன்னையை அக்கா என்றார்களா, தங்கை என்றார்களா, என்ன காரணம் சொன்னார்கள் என்று இவ்விதழுக்கு எழுதுங்கள். அடுத்தவர் வகுப்புக்கும் அது உதவும்.