நினைவகப் பொறிப்புகளில் மேற்கோள் சிதைவு: வாஷிங்டன் நகரின் இரு சான்றுகள்

முன்னுரை

தேசிய நினைவகங்களில் பொறிக்கப்படும் வாசகங்களுள் பல மேற்கோள்களே. நூலில் இடம்பெறும் மேற்கோளுக்கு அடிக்குறிப்பு உண்டு. விடுபட்ட இடத்தைப் புள்ளிகள் காட்டும். கல்லில் பொறித்த மேற்கோளுக்கு இவை பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே, படிப்போர் அதனை முழுமையான கூற்றாகவே கொள்வர். இதனால் விளையும் பொருள் திரிபை வாஷிங்டன் நகரின் இரு நினைவகங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நிபந்தனை நீங்கிய கூற்று

மார்ட்டின் லூதர் கிங் 1968 பிப்ரவரி 4 அன்று அட்லாண்டாவின் எபனேசர் தேவாலயத்தில் ஆற்றிய அருளுரை, எல்லோருக்கும் முன்னே நிற்க விழையும் மனித இயல்பைக் கேள்விக்கு உட்படுத்துவது. அணிவகுப்பில் வாத்தியக் குழுவுக்கு முன்செல்பவனே அவ்வியல்புக்கு உவமை. தம் இறுதிச் சடங்கை எண்ணிப் பார்க்கும் இறுதிப் பகுதியில், தம்மை எவரேனும் அவ்வாறு சொல்ல விரும்பினால், நீதிக்கும் அமைதிக்கும் அறத்திற்கும் முன்சென்றவன் எனச் சொல்லுமாறு அவர் வேண்டுகிறார்.

2011-இல் திறக்கப்பட்ட நினைவகத்தில் இக்கூற்று சுருக்கப்பட்டபோது, ‘விரும்பினால்’ என்னும் நிபந்தனை எச்சம் நீங்கியது. ‘நான் இருந்தேன்’ என்னும் தன்மை வினைமுற்று எஞ்சியது. வேண்டுகோள் தற்புகழ்ச்சி ஆயிற்று. அருளுரை எதனை எச்சரித்ததோ, அதனையே பொறிப்பு அவர் கூற்றாக்கியது. இது கிங்கைச் செருக்குடையவராகக் காட்டுகிறது என மாயா ஏஞ்சலோ கண்டித்தார். 2013-இல் அவ்வாசகம் செதுக்கி நீக்கப்பட்டது. ஆயினும், மூலபாடம் அவ்விடத்தில் பொறிக்கப்படவில்லை.

ஒட்டி இணைத்த கூற்று

1943-இல் திறக்கப்பட்ட ஜெபர்சன் நினைவகத்தின் சிதைவு இதனினும் ஆழமானது. அடிமைமுறையைக் குறிப்பிடும் பொறிப்பில், 1774-ஆம் ஆண்டின் எழுத்து முதல் 1821-இல் தொடங்கிய தன்வரலாறு வரை, வெவ்வேறு காலத்துத் தொடர்கள் ஒரே பத்தியாகச் செல்கின்றன. அடிமைகள் விடுதலை பெறுவர் என்பது விதியின் ஏட்டில் உறுதியாக எழுதப்பட்டுள்ளது என்னும் தன்வரலாற்றுக் கருத்து அவற்றுள் ஒன்று. மூலத்தில் இதனை அடுத்து வருவது, விடுதலை பெற்ற பின் இரு இனத்தாரும் ஒரே அரசின்கீழ் வாழ இயலாது என்பதாகும். கல்லிலோ, பொதுமக்கள் கல்விக்கான சட்டத்தை வலியுறுத்தும் வேறொரு தொடர் அவ்விடத்தில் வருகிறது. இதனால், வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்த ஒருவர், இனச் சமத்துவத்தின் குரலாகத் தோற்றம் பெறுகிறார்.

கல்லில் இடம் குறைவு. ஆகவே தெரிவு தவிர்க்க இயலாதது எனலாம். அது உண்மையே. ஆயினும், ஒரு கூற்றைச் சுருக்குவது வேறு. அதனை வரையறுக்கும் அடுத்த தொடரை நீக்கிவிட்டுப் பிறிதொன்றை ஒட்டுவது வேறு.

முடிவுரை

கிங்கின் வாசகம் இரண்டு ஆண்டுகளில் அகன்றது. ஜெபர்சனின் வாசகம் 80 ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது. முன்னது ஒரு தலைவரின் பண்பைத் தாழ்த்தியதால் எதிர்ப்பு உடனே எழுந்தது. பின்னது நாடு தன்னைப் பற்றிக் கொண்டிருக்க விரும்பிய கருத்தை உயர்த்தியதால் நிலைபெற்றது எனக் கருத இடமுண்டு. ஆதலின், சுவடிப் பதிப்பில் பாடபேதம் காண்பது போன்று, நினைவகப் பொறிப்புகளையும் மூலபாடத்தோடு ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும். பொறிக்கப்பட்டவற்றோடு விடுபட்டவையும் அவ்வாய்வின் தரவுகளாகும்.