ஒரு கறுப்புத் துணி

படக்கதை என்றாலே நமக்கு இரும்புக்கை மாயாவிதான் ஞாபகத்துக்கு வருவார். மர்ஜானே சத்ரபியின் ‘பெர்சபோலிஸ்’ வேறு ரகம். டெஹ்ரானில் வளர்ந்த ஒரு பெண்ணின் சுயசரிதை, முழுக்க கறுப்பு வெள்ளைச் சித்திரங்களில். 2000 முதல் 2003 வரை பிரெஞ்சில் நான்கு பாகங்களாக வந்தது. தமிழிலும் கிடைக்கிறது. படிக்காதவர்கள் உடனே தேடிப் படியுங்கள்.

புத்தகம் திறப்பதே பர்தாவில்தான். 1980. மர்ஜிக்குப் பத்து வயது. திடீரென்று பள்ளியில் எல்லாப் பெண்களும் தலையை மூட வேண்டும் என்று உத்தரவு. குழந்தைகள் என்ன செய்கிறார்கள்? புழுக்கம் தாங்கவில்லை என்று கழற்றுகிறார்கள். முடிந்து ஸ்கிப்பிங் ஆடுகிறார்கள். ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு பூச்சாண்டி காட்டுகிறாள். சட்டம் போட்டவர்களுக்கு அது மதம். மைதானத்தில் அது விளையாட்டுச் சாமான். சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினால், இதை எதிர்த்து ஊர்வலம் போன அம்மாவின் போட்டோ பத்திரிகையில் வந்துவிட, அவர் பயந்துபோய் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொள்கிறார். சிரிப்பு நின்றுவிடுகிறது.

அப்புறம் அந்தத் துணி மாறிக்கொண்டே போகிறது. நெற்றியில் நாலு முடி வெளியே தெரிந்தால் ‘நான் உங்கள் ஆள் இல்லை’ என்று அர்த்தம். பதினாலு வயதில் வியன்னாவுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே துணி இல்லை, சுதந்திரம் உண்டு. கடைசியில் தெருவில் படுத்து, நோயில் விழுந்து, ஊருக்குத் திரும்புகிறாள். புறப்படும்போது கண்ணாடி முன் நின்று அவளே அதை எடுத்துக் கட்டிக்கொள்கிறாள் பாருங்கள், புத்தகத்தின் மிக நுட்பமான இடம் அது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, வீட்டுக்குப் போக அது டிக்கெட்.

கல்லூரியில் இன்னொரு வேடிக்கை. ஓவிய வகுப்புக்கு மாடலாக வரும் பெண் தலைமுதல் கால்வரை மூடியிருக்கிறாள். மாணவர்கள் துணி மடிப்பை வரையக் கற்றுக்கொள்கிறார்கள்! ஆனால் சத்ரபி அதோடு விடவில்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் பெண், முக்காடு சரியாக இருக்கிறதா, மேக்கப் தெரிகிறதா என்றே யோசித்துக்கொண்டிருந்தால், என் பேச்சுரிமை எங்கே, சிறையில் என்ன நடக்கிறது என்று கேட்க அவளுக்கு நேரம் ஏது என்கிறார். துணி மறைப்பது தலைமுடியை அல்ல, கேள்விகளை. என்னைக் கேட்டால் முழுப் புத்தகமும் இந்த ஒரு பக்கத்துக்காகத்தான்.

ஒரு குறையும் உண்டு. கறுப்பு அங்கி போட்ட பெண்களை அவர் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த முகங்களாக வரைந்துவிடுகிறார். நிஜமான பக்தியோடு தலையை மூடுகிறவளுக்கு இந்தக் கதையில் இடம் ரொம்பக் குறைவு. வேலைக்கார அம்மாள் நஸ்ரின் மட்டும் விதிவிலக்கு. சொர்க்கத்தின் சாவி என்று சொல்லி பள்ளியில் தன் மகனுக்குக் கொடுத்த தங்க நிறப் பிளாஸ்டிக் சாவியோடு வந்து அழுகிறாள். அவளுக்கு இன்னும் நாலு பக்கம் கொடுத்திருக்கலாம்.

ஆனால் சத்ரபியை ‘பர்தா எதிர்ப்பாளர்’ என்று சுலபமாக முத்திரை குத்திவிடாதீர்கள். பிரான்ஸில் அரசுப் பள்ளிகளில் முக்காட்டுக்குத் தடை பேச்சு கிளம்பியபோது (2004-ல் சட்டமே வந்துவிட்டது) அதையும் எதிர்த்து எழுதியவர் அவர். காரணம், அவர் நாட்டுச் சரித்திரம். 1936-ல் ரேஸா ஷா முக்காட்டைத் தடை செய்தபோது போலீஸ்காரர்கள் தெருவிலேயே பெண்களின் தலையிலிருந்து அதை உருவினார்கள். சிலர் வீட்டைவிட்டே வெளியே வரவில்லை. ஐம்பது வருஷத்துக்குள் அதே தெருவில், போடாதவளைப் பிடிக்க அதே மாதிரி ஆட்கள். போடு என்றாலும் கழற்று என்றாலும் உத்தரவு போடுவது வேறு யாரோ.

செப்டம்பர் 2022-ல் முக்காடு சரியில்லை என்று பிடித்துப் போகப்பட்ட 22 வயது மாசா அமினி காவலில் இறந்தபோது, ஈரானியப் பெண்கள் தெருவில் முக்காட்டை எரித்தார்கள். மறுவருஷம் அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பல ஓவியர்களைச் சேர்த்து சத்ரபி ஒரு படக்கதைத் தொகுப்பு கொண்டுவந்தார். ஸ்கிப்பிங் ஆடிய அந்தப் பத்து வயதுக் குழந்தைகளுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். எரித்தவர்களில் பலர் அவர்களுடைய மகள் வயதுப் பெண்கள்.