பாடகரின் பெயரும் பாடலின் ஆயுளும்
- பீ ஜீஸ் சகோதரர்கள் குறித்து ஒரு நோக்கு

டிஸ்கோ என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுழிப்பவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன். ஆசிரியர் கலாசாலை விடுதியில் சக மாணவர் ஒருவர் பீ ஜீஸ் ஒலிநாடாவைப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். உச்சஸ்தாயியில் கீச்சிடும் ஆண் குரலும் இடைவிடாத தாளமும் தவிர அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதே அன்றைய என் எண்ணம். பல்லாண்டுகளுக்குப் பின் முதலுதவிப் பயிற்சியொன்றில், நின்றுபோன இதயத்தை இயங்கச் செய்ய நெஞ்சை அழுத்தும் வேகத்துக்கு உதாரணமாக அதே குழுவின் 'ஸ்டேயின் அலைவ்' பாடலை ஒலிக்கவிட்டார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். அப்பாடலின் தாளம் ஏறத்தாழ 103. அன்றுதான் அதை முழுமையாகக் கேட்டேன். என் பழைய தீர்ப்பு பிழையென்று ஒப்புக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பாரி கிப் 1946 இலும், இரட்டையர்களான ரொபினும் மொரிஸும் 1949 இலும் ஐல் ஒஃப் மேன் தீவில் பிறந்தவர்கள். மன்செஸ்டரில் வாழ்ந்த குடும்பம் 1958 இல் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. சிறுவயதிலேயே மேடையேறிய சகோதரர்கள் 1967 இல் இங்கிலாந்து திரும்பினர். அவ்வாண்டு அவர்களுக்குப் பெயர் தேடித்தந்த 'நியூயோர்க் மைனிங் டிசாஸ்டர் 1941' நடனப் பாடலன்று. சுரங்கத்தினுள் சிக்கிய ஒருவன், தன் மனைவியின் படத்தைச் சக தொழிலாளிக்குக் காட்டுவதாக அமைந்தது அது. அதே ஆண்டின் 'மாசச்சூசெட்ஸ்', தாங்கள் அதுவரை கண்டிராத ஓர் ஊருக்காக ஏங்கும் பாடல். ரொபினின் நடுங்கும் குரல் அந்த ஏக்கத்தை நம்பச் செய்கிறது. ஊர் மாறி ஊர் மாறி வளர்ந்த பிள்ளைகளிடம் இத்தகைய ஏக்கம் இருப்பதில் வியப்பில்லை.

1969 இல் ரொபின் பிரிந்து சென்றார். மறு ஆண்டே திரும்பினார். 1971 இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற பாடலுக்குப் பின் சரிவு தொடங்கியது. 1975 இல் மியாமியில், இஸ்தான்பூலில் பிறந்த இசைத் தயாரிப்பாளர் ஆரிப் மர்தினுடன் 'மெயின் கோர்ஸ்' இசைத்தட்டை உருவாக்கியபோதுதான் பாரியின் உச்சக் குரல் வெளிப்பட்டது. இரண்டாண்டுகளின் பின் வந்த 'சட்டர்டே நைட் ஃபீவர்' திரைப்படத்தின் இசைத்தட்டு, 1978 இல் அமெரிக்காவில் தொடர்ந்து 24 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

'ஸ்டேயின் அலைவ்' இந்த இசைத்தட்டில் உள்ளதே. அதை ஆட்டப் பாட்டு என்பவர்கள் வரிகளைக் கவனிப்பதில்லை. பெருநகரில் தாக்குப்பிடிக்கப் போராடும் ஒருவனின் குரல் அது. முடிவில் உதவி கேட்டுக் கெஞ்சுகிறது. சுரங்கத்தில் சிக்கியவனையும் இவனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பத்தாண்டு இடைவெளியில் மாறியது தாளம் மட்டுமே என்பது புலப்படும். அந்தத் தாளத்துக்கும் ஒரு கதை உண்டு. குழுவின் மேளக் கலைஞர் குடும்பத் துயரொன்றினால் ஒலிப்பதிவுக்கு வர இயலாதிருந்தார். ஆகவே, முன்பு பதிவான 'நைட் ஃபீவர்' பாடலிலிருந்து அவர் வாசித்த சிறு துண்டை வெட்டி ஒட்டி, நாடாவைச் சுழலவிட்டார்கள். சற்றும் பிசகாத அந்த ஓட்டம் அவ்வாறு வந்ததே.

குறைகளையும் சொல்லவேண்டும். 1979 இன் 'ஸ்பிரிட்ஸ் ஹேவிங் ஃபிளோன்' இசைத்தட்டில் பாரியின் உச்சக் குரல் எல்லாவற்றையும் மூடிவிட, ரொபினின் குரல் ஓரங்கட்டப்பட்டது. மூன்று குரல்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இக்குழுவின் பலம் எனின், இது இழப்பேயாகும். இன்னொன்று, டிஸ்கோ இவர்கள் ஆக்கியதன்று. கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும் தற்பாலினத்தவரும் கூடிய நடன விடுதிகளில் வளர்ந்தது அது. அதன் பெரும் அறுவடை இவர்களுக்குக் கிடைத்தது.

எதிர்ப்பின் அடியும் இவர்கள்மீது விழுந்தது. 1979 ஜூலை 12 அன்று சிக்காகோ பேஸ்போல் மைதானத்தில், வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் ஏற்பாட்டில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துள் புகுந்ததால் அடுத்த ஆட்டமே நடைபெறவில்லை. டிஸ்கோவுடன் தொடர்பற்ற கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் அங்கு கொண்டுவரப்பட்டிருந்தன என்பது, அந்த வெறுப்பு இசையோடு மட்டும் நிற்கவில்லை என்பதைக் காட்டுகிறது. அதன்பின் அமெரிக்க வானொலிகள் பீ ஜீஸ் பாடல்களை ஒதுக்கின.

இனிமேல் நடந்ததுதான் என் சிந்தனையைக் கிளறியது. சகோதரர்கள் மற்றவர்களுக்கு எழுதத் தொடங்கினார்கள். பார்பரா ஸ்ட்ரைசண்டின் 'வுமன் இன் லவ்' (1980), டயோன் வோர்விக்கின் 'ஹார்ட்பிரேக்கர்' (1982), கென்னி ரொஜர்ஸும் டொலி பார்ட்டனும் பாடிய 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்' (1983), டயானா ரொஸின் 'செயின் ரியக்ஷன்' (1985) ஆகியவற்றை எழுதியவர்கள் இவர்களே. பீ ஜீஸ் என்ற பெயரைக் கேட்டாலே அலைவரிசையை மாற்றியவர்கள், அதே கைகள் எழுதிய பாடல்களை விரும்பிக் கேட்டார்கள். அப்படியெனில் அவர்கள் வெறுத்தது பாடலையா, அதில் ஒட்டியிருந்த முத்திரையையா?

தனித்துப் பாடிய இளைய தம்பி அண்டி 1988 இல் முப்பது வயதில் மறைந்தார். 2003 இல் மொரிஸும் 2012 இல் ரொபினும் காலமானார்கள். எஞ்சிய பாரி, 2021 இல் வெளிவந்த 'கிரீன்ஃபீல்ட்ஸ்' தொகுப்பில், தம் பழைய பாடல்களை அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர்களுடன் மீளப் பாடினார். டிஸ்கோவின் உடுப்பைக் களைந்த பின்னும் அப்பாடல்கள் நிற்கின்றன.

நூலைத் திறக்குமுன் அதன்மீதுள்ள முத்திரையை வாசித்துத் தீர்ப்பெழுதும் வழக்கம் எம் விமர்சனத்திலும் உண்டு. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். விடுதியில் அந்த ஒலிநாடா ஓடியபோது எழுந்து வெளியே போகாமல் ஒரு பாடலையாவது இருந்து கேட்டிருந்தால், இருபது வருடங்களுக்கு முன்பே இதை எழுதியிருப்பேன்.